அப்பாவின் ரிவோல்வரைப் பாகத்தில் எவ்வளவுக்குப் போடுவது?

கேள்வி: அப்பா காலமான பிறகு வெள்ளவத்தை வீட்டுப் பொருட்களை அண்ணாவும் நானும் பிரித்துக்கொள்கிறோம். அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் இருந்த பழைய வெப்லி மார்க் 6 ரிவோல்வர் ஒன்று உண்டு. அதில் 1917 என்று பொறித்திருக்கிறது. அப்பப்பா மலையகத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது தோட்டத் துரை கொடுத்துவிட்டுப் போனதாம். இப்போது பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறோம். அண்ணா அதைத் தனக்குக் கேட்கிறார். ஆனால் ‘பழைய இரும்பு, பத்தாயிரம் ரூபாய் போதும்’ என்கிறார். இணையத்தில் இதே ரகம் 1,200 டொலர் என்று கண்டேன். எந்த விலை நியாயம்?

பதில்: இரண்டுமே இல்லை. பொலிஸில் ஒப்படைத்தது நல்ல வேலை, அதற்கு முதலில் ஒரு சபாஷ்.

நீங்கள் கண்ட 1,200 டொலர் விற்பவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா பணமா? ஏலத் தளங்களில் ‘விற்பனையானவை’ என்று தனியாகக் காட்டும் விலைகளைப் பாருங்கள். அங்கேயும் ஏலத்தில் விழுந்த தொகை முழுவதும் விற்றவர் கைக்குப் போவதில்லை. ஏல நிறுவனத்தின் தரகு கழியும். ஒரு பேச்சுக்கு, 800 டொலருக்குப் போனதில் 15 சதவீதம் கழிந்தால் 680. டொலர் 300 ரூபாய் என்று பிடித்தால் 204,000 ரூபாய். உங்கள் பொருளுக்கு இது உச்சவரம்பு மட்டும்தான், விலை அல்ல. அந்த வாங்குபவர்கள் கொழும்பில் இல்லை, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது.

இங்கே இதை வாங்கக்கூடியவர் அனுமதிப்பத்திரம் பெறத் தகுதியுள்ளவர் மட்டுமே. நமது சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டையது, உங்கள் ரிவோல்வரைவிட ஒரு வயது மூத்தது! அப்பாவின் அனுமதிப்பத்திரம் வீடு, காணி மாதிரி வாரிசுக்குத் தானாக வந்து சேராது. அண்ணா தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிடைத்த பிறகும் கையில் இருக்கும் என்று உறுதியில்லை. 2024 இறுதியில், தற்பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக வெலிசறை கடற்படை வளாகத்தில் ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டது நினைவிருக்கும். இந்த ஆபத்தெல்லாம் விலையில் கழியத்தான் செய்யும்.

சரி, அப்போ அண்ணா சொல்லும் பத்தாயிரமா? அதற்கும் அவசரப்பட வேண்டாம். பேர்மிங்காமில் செய்த மார்க் 6, 1915இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட ரகம். முதலாம் உலகப் போரில் ஏராளமாகச் செய்யப்பட்டதால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆகவே, நிலைமைதான் விலையைத் தீர்மானிக்கும். விபரம் தெரிந்தவர் முதலில் சட்டகத்திலும் தோட்டா போடும் சுழல் உருளையிலும் உள்ள இலக்கங்கள் ஒன்றா என்று பார்ப்பார். பிறகு உருளையின் பின்முகம். அமெரிக்காவுக்குப் போன பல மார்க் 6களில், அங்கே இலகுவாகக் கிடைக்கும் .45 தோட்டா பொருந்துவதற்காக அதைச் சீவிவிட்டார்கள். சீவாமல், முதலில் செய்த .455 தோட்டா அளவிலேயே இருந்தால் மதிப்பு அதிகம். அதன்பின் பழைய நீலக்கறுப்புப் பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. புதுசு போலாக்குகிறேன் என்று அண்ணா மினுக்கவோ மறுபூச்சுப் போடவோ கிளம்பினால் தடுத்துவிடுங்கள்; மதிப்புக் குறைய அதுபோல வேறு வழியில்லை.

துரை கதை அழகானதுதான், ஆனால் வாயால் சொல்லும் கதைக்கு யாரும் சல்லிக்காசு கூடுதலாகத் தரமாட்டார்கள். துரை எழுதிய கடிதமோ பழைய அனுமதிப்பத்திரமோ அப்பப்பாவின் பெட்டியில் இருந்தால் அதற்குக் காசு உண்டு. தேடிப் பாருங்கள்.

விலைக்கு நான் சொல்லும் வழி இது. பொலிஸ் நிலையத்தில் கேட்டு முறையாக ஏற்பாடு செய்துகொண்டு, அனுமதி பெற்ற துப்பாக்கி வியாபாரிகள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ‘என்ன பெறுமதி?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘நீங்கள் எவ்வளவுக்கு வாங்குவீர்கள், இதையே எவ்வளவுக்கு விற்பீர்கள்?’ என்று இரண்டு தொகைகளை எழுத்தில் கேளுங்கள். 80,000க்கு வாங்கி 130,000க்கு விற்பேன் என்றால், அண்ணாவும் நீங்களும் நடுவில் 105,000 என்று போடலாம். வியாபாரியின் லாபம் இருவருக்கும் பாதிப்பாதியாக மிஞ்சும். அதில் உங்கள் பங்கு 52,500.

இதில் ஒரு விஷயத்தில் அண்ணாவின் பக்கம் நிற்கிறேன்: அவருக்கு அப்பாவின் நினைவு என்பதற்காக விலையை ஏற்றக்கூடாது.

பாகப்பிரிவினை எழுதும் சட்டத்தரணியிடம் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அண்ணாவுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகே இந்தத் தொகை கணக்கில் சேரும். அனுமதி மறுக்கப்பட்டால் அவர் பாகத்தில் ஒரு சதமும் கழியாது. ஐந்து வருடத்துக்குள் அவர் கூடிய விலைக்கு விற்றால், மேலதிகத் தொகையில் பாதி உங்களுக்கு.