பெண் உடையில் வெளியே போகும்போது: தற்காப்பு கேள்வி பதில்

தற்காப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பெண் உடையில் வெளியே போய்வருவது என் வாழ்க்கையின் ஒரு பகுதி. இரண்டையும் சேர்த்து, கிராஸ்டிரஸ்ஸர்கள், அதாவது என்னைப் போலப் பெண் உடை அணியும் ஆண்கள், பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, முதல்முறையா வெளிய போகப்போறேன். எந்த அடியை முதல்ல கத்துக்கணும்?

அடியெல்லாம் பிறகு. அந்த உடையில் உங்கள் உடம்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முழு அலங்காரத்தோடு வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்க முடிகிறதா? படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏற முடிகிறதா? ஏறி முடித்த கையோடு முழுக்குரலில் கத்த முடிகிறதா?

இறுக்கமான பாவாடை முட்டியிலேயே மாட்டிக்கொள்ளும். கோர்செட் போட்டவருக்குக் கத்தும்போதுதான் திணறும். இடுப்பை ஒடுக்கிக் கட்டினால் வயிறு விரிய இடமில்லை, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். நடக்கும்போது இது தெரியாது, ஓட ஆரம்பித்தால் சீக்கிரமே இரைக்கும். முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு போங்கள், இடுப்பு ஒரு அங்குலம் கூடினால் யாரும் அளக்கப்போவதில்லை. விக்கின் ஓரமுடி பக்கப்பார்வையை மறைக்கும், அதையும் காதுக்குப் பின்னால் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் கண்ணில் படவேண்டும்.

கேள்வி: ஹீல்ஸ் போட்டு ஓடலாமா, கழற்றிட்டு ஓடணுமா?

மெல்லிய குதிகால் என்றால் கழற்றிவிடுங்கள். ஆனால் கணுக்காலில் பட்டை சுற்றி பக்கிள் போட்ட செருப்பை அவசரத்தில் கழற்ற முடியாது, அதனால் வாங்கும்போதே உதறினால் விழுகிற மாதிரி பாருங்கள். அகலமான கட்டைக் குதிகால் என்றால் முன்பாதத்தில் ஊன்றி ஓரளவு ஓடலாம். கைப்பையில் மடிக்கக்கூடிய தட்டைச் செருப்பு ஒரு ஜோடி இருக்கட்டும். திரும்பி வரும் வழி இருட்டாக இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் குரல் நல்ல கட்டைக்குரல். கத்தினா ஆண்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அந்த பயத்துல ஒருமுறை ஒருத்தன் தோளைப் பிடிச்சு இழுத்தப்போகூட வாயே திறக்கல. என்ன செய்யறது?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றே சொல்வேன். அன்று உங்கள் வாயை அடைத்தது அவன் கை இல்லை, தெரிந்துவிடுமே என்ற பயம். நம்மைத் தொல்லை செய்கிறவர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். இவள் கத்தமாட்டாள், போலீஸுக்குப் போகமாட்டாள், வீட்டிலும் சொல்லமாட்டாள் என்ற கணக்கில்தான் நெருங்குகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு என்று முதல் நொடியிலேயே அவர்களுக்குத் தெரியவேண்டும்.

கட்டைக்குரல் வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. அது தூரம் போகும், பிடித்தவன் எதிர்பார்த்திருக்கவும் மாட்டான். அடிவயிற்றிலிருந்து, ஒரே சொல்: "விடு!" அடுத்து, சுற்றி இருப்பவர்களில் ஒருவரைக் குறிவைத்துக் கூப்பிடுங்கள். "யாராவது காப்பாத்துங்க" என்றால் அடுத்தவர் போவார் என்று ஒவ்வொருவரும் நின்றுவிடுவார்கள். "நீலச் சட்டை அண்ணா, போலீஸைக் கூப்பிடுங்க" என்றால் அந்த ஒருவருக்கு அது வேலையாகிவிடும். இதைத் தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் மட்டும் ஒத்திகை பார்த்த சொல், பதற்றத்தில் வெளியே வராமல் போகலாம்.

அப்படியும் கத்த வராது என்பவர்கள் பின்னை இழுத்தால் அலறும் கையடக்க அலாரம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். 120 டெசிபலுக்கு மேல் சத்தம் போடுபவை கிடைக்கின்றன. பைக்குள் போடவேண்டாம், கைக்கு எட்டும்படி பட்டையில் மாட்டுங்கள்.

கேள்வி: விக்கைப் பிடிச்சு இழுத்தா?

விட்டுவிடுங்கள், அப்படியே ஓடுங்கள். விக் கையோடு வந்ததும் இழுத்தவன் ஒரு கணம் தடுமாறுவான், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். குனிந்து எடுக்கப் போகாதீர்கள். பசை போட்டு ஒட்டியிருந்தாலோ சொந்த முடி என்றாலோ வேறு வழி. உங்கள் இரண்டு கைகளாலும் அவன் கையைத் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். இழுக்கும் வலி குறையும், கழுத்தும் வளையாது. அவன் பக்கமாகவே ஒரு எட்டு வைத்து, முட்டியால் தொடையிடுக்கில் மோதுங்கள், அல்லது செருப்பு ஓரத்தால் அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பை உரசி இறங்கிப் பாதத்தில் மிதியுங்கள்.

அப்படியே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வளையக் காதணிக்குப் பதில் கிளிப் காதணி, கழுத்தில் இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய சங்கிலி. ஸ்கார்ஃபை முடிச்சுப் போடாமல் சும்மா போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீள நகம் ஒட்டியிருக்கேன். குத்து விட முடியுமா?

விடாதீர்கள். கையை மடக்கினால் நகம் உங்கள் உள்ளங்கையில்தான் குத்தும். நகம் இல்லாவிட்டாலும், பழக்கமில்லாதவர் முஷ்டியால் தாடையில் குத்தினால் விரல் எலும்பு முறியும் ஆபத்து உண்டு. விரல்களைப் பின்னால் மடித்து, மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் உள்ளங்கையின் அடிமேட்டால் மூக்கை அல்லது தாடையைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். ஒரு தள்ளு, உடனே ஓட்டம். நின்று சண்டை போட்டு ஜெயிக்கும் எண்ணமே வேண்டாம்.

மணிக்கட்டைப் பிடித்தால் பின்பக்கமாக இழுத்துப் பயனில்லை. பிடித்த கையில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பலவீனமானது. அந்த இடைவெளியை நோக்கி உங்கள் மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை அவன் முழங்கை பக்கம் கொண்டுபோனால் பிடி நழுவும். நண்பர் ஒருவரோடு மெதுவாகச் செய்து பார்த்தால் எளிதில் பிடிபடும்.

கேள்வி: "ஆம்பளையா பொம்பளையா"ன்னு கூட்டமா நின்னு கேக்கறாங்க. பதில் சொல்லணுமா?

சொல்லவேண்டாம். நடையை நிறுத்தவும் வேண்டாம், சட்டென்று வேகம் கூட்டவும் வேண்டாம். கேலி வேறு, ஆபத்து வேறு. கேலி செய்கிறவன் கூட வந்தவர்களைச் சிரிக்கவைக்கப் பார்ப்பான், சத்தமாகப் பேசுவான், நின்ற இடத்திலேயே நிற்பான். பேச்சு திடீரென்று நின்றாலோ, ஒருவர் உங்கள் பின்பக்கம் நகர்ந்தாலோ, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாலோ அது கேலியைத் தாண்டிவிட்டது. உடனே சாலையைக் கடந்து, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் கடைக்குள் போய்விடுங்கள். யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள், வீடு எது என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நெருங்கி வந்தால் இரண்டு கைகளையும் மார்பு உயரத்தில், உள்ளங்கை தெரிய நீட்டி "அங்கேயே நில்லுங்க" என்று சொல்லுங்கள். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சண்டைக்கு நிற்கவில்லை என்று தெரியும், உங்கள் கையும் தயாராக இருக்கும்.

கேள்வி: பெப்பர் ஸ்பிரே வாங்கலாமா?

உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு. பிரிட்டனில் அதை வைத்திருப்பதே குற்றம். அனுமதி இருக்கும் இடத்தில் காலாவதி தேதியைக் கவனியுங்கள். எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

கேள்வி: போன்ல என்னென்ன செய்து வைக்கணும்?

முக்கியமான ஒன்று: மேக்கப், விக், கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் முகம் பார்த்துத் திறக்கும் போன் திறக்காமல் போகலாம். ஐபோனில் மாற்றுத் தோற்றத்தைப் பதிவுசெய்ய வழி இருக்கிறது, மற்ற போன்களில் பின் நம்பரையே நம்புங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை 5 முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி செட்டிங்கில் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். உங்களைப் பற்றித் தெரிந்த ஒரே ஒருவருக்காவது அனுப்புங்கள். அப்படி யாருமே இல்லை என்றால், வெளியே போவதற்கு முன் அந்த ஒருவரைத் தேடிக்கொள்வதுதான் முதல் வேலை.

கேள்வி: சாட்ல பழகின ஒருத்தர் பணம் கேட்டு மிரட்டறார். தரலைன்னா என் போட்டோவை வீட்டுக்கு அனுப்புவேன்னு சொல்றார். தூக்கமே இல்ல அக்கா.

முதலில், இதில் தப்பு செய்தவர் அவர், நீங்கள் இல்லை. பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்துவிடும், கேட்பது நிற்காது. பயத்தில் சாட்டை அழிக்கவும் வேண்டாம். மிரட்டல், நம்பர், புரொஃபைல் முகவரி, பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். அந்தத் தளத்திலும் போலீஸிலும் புகார் கொடுங்கள். பல நாடுகளில் மிரட்டிப் பணம் கேட்பது குற்றம், நீங்கள் என்ன உடை போட்டிருந்தீர்கள் என்பது அதை மாற்றாது.

அந்தரங்கப் படம் என்றால் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணைய சேவை இருக்கிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும்.

வீட்டில் நம்பகமான ஒருவரிடம் நீங்களே முந்திச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். முடிந்தால் மிரட்டுபவர் கையில் இருக்கும் பிடி பாதியாகக் குறையும். முடியாத வீடும் உண்டு, அது எனக்குப் புரிகிறது, வற்புறுத்தமாட்டேன். ஆனால் இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள். நண்பர் ஒருவருக்கோ, உங்கள் ஊர் உதவி எண்ணுக்கோ போன் செய்து பேசுங்கள். உயிரை விடலாமா என்ற நினைப்பு வந்தால், அந்த போனைச் செய்ய ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: போலீஸ் நிறுத்தினா? அடையாள அட்டையில ஆண் போட்டோ.

கைகள் வெளியே தெரியட்டும். "அட்டை பையில் இருக்கு, எடுக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு எடுங்கள். "இது நான்தான், இன்னைக்கு இந்த உடை போட்டிருக்கேன்" என்றால் போதும், கதை சொல்லவேண்டாம், பொய்ப் பெயர் கொடுக்கவே வேண்டாம். வெளிநாடு போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: இந்த உடைக்காகவே தண்டிக்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.