வேலைக்குப் போகும் பட்டதாரிக்கு நியாயம் கேட்கக் கற்றுத்தருவது எப்படி?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் பேராசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். படிப்பு முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை நிறுவனங்களிலும் வேலைக்குச் சேருகிறார்கள். சமத்துவத்துக்காகவும் நியாயத்துக்காகவும் குரல் கொடுங்கள் என்று பிரிவுபசார விழாவில் ஆண்டுதோறும் சொல்லி அனுப்புகிறோம். சென்ற முறை ஒரு மாணவி, "குரல் குடுத்தா வேலை போயிருமேங்க மேடம், அப்பறம் கல்விக்கடனை யாருங்க கட்டறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், கோயம்புத்தூர்):

தங்கள் மாணவியின் கேள்வியைப் பயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது மாதத் தவணையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. மேடைகளில் நாம் பெரும்பாலும் தியாகங்களையே எடுத்துச் சொல்கிறோம். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வரை இந்த வட்டாரம் இன்றும் நினைவுகூர்கிறது, நினைவுகூரவும் வேண்டும். ஆனால் அந்த வரலாற்றை மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போகும் இருபத்தொரு வயதுப் பிள்ளை, நியாயம் கேட்பது என்றால் எல்லாவற்றையும் இழக்கத் துணிவது என்று எண்ணிக்கொள்கிறது. அவ்வளவு துணிவு தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்கிறது.

உண்மையில் வணிகவியல் பட்டதாரி முதல் ஆண்டில் எதிர்கொள்ளும் நிலை வேறு. அவர் அலுவலக அறையில் அமர்ந்து ஊதியப் பட்டியல் தயாரிக்கிறார், ஆள் தேவை விளம்பரம் தட்டச்சு செய்கிறார், சில்லறைச் செலவுக் கணக்கு எழுதுகிறார். அதாவது அநீதி அவருக்கு இழைக்கப்படுவதைவிட, அவர் கையால் எழுதப்படுவதே அதிகம். இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஏனெனில் குரல் கொடுக்க வேண்டிய இடம் எது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையை எடுத்துக்கொள்வோம். மேசையின் ஒரு பக்கம் ஓர் ஆண், எதிர்ப்பக்கம் ஒரு பெண். இருவரும் ஒரே உருப்படியைத்தான் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் எண்ணெய்க் கறை பட்ட இடத்திலும் சிறு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளப் பட்டியலில் மட்டும் ஆண் "செக்கர்" என்றும், பெண் "ஹெல்பர்" என்றும் இருப்பார்கள். பதவியின் பெயர் மாறுவதால் ஷிப்ட் கூலியும் மாறிவிடும். முந்தைய வாரத்துப் பட்டியலை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் புதிய பணியாளருக்கு அது கண்ணில் படாமலே போகலாம்.

ஒரே வேலைக்கோ, ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தைக் காரணமாக வைத்துக் கூலியைக் குறைக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பதிலும் அந்தப் பாகுபாடு கூடாது. "அப்படியானால் ஆண்களின் கூலியைக் குறைத்துச் சமமாக்கிவிடுகிறோம்" என்று சொல்லும் மேலாளர்களும் உண்டு. அதற்கும் சட்டம் இடம் தரவில்லை, சமப்படுத்துவதற்காக எவருடைய ஊதியத்தையும் குறைக்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்ட பட்டதாரி என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தில் எழுந்து நின்று முழங்க வேண்டியதில்லை. பட்டியல் தயாரிக்கும் நாளன்றே, மேலதிகாரி தனியாக இருக்கும் நேரத்தில், ஆவணத்தைப் பற்றிய ஐயமாகக் கேட்கலாம்: "சார், இவங்க ரெண்டு பேரும் ஒரே வேலைதானுங்க செய்யறாங்க, பட்டியல்ல பதவி வேற வேறயா இருக்குதுங்க. பையர் ஆடிட்டுல கேட்டா என்னங்க சொல்றது?" திருப்பூரைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வரிக்கு எடை அதிகம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தணிக்கையாளர்கள் ஊதியப் பதிவேட்டைப் புரட்டுவார்கள் என்பது எல்லா ஏற்றுமதியாளருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினால் எழும் எதிர்ப்பு, திருத்திக்கொள்ள வழிவிட்டுக் கேட்கும்போது எழுவதில்லை. இதைப் பணிந்துபோவது என்று சிலர் சொல்லக்கூடும். செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்குக் கூலி உயர்ந்தால் போதும் என்பது என் கருத்து.

பதில் மழுப்பலாக வந்தால், பேசியதன் சாரத்தை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவைக்கலாம்; அந்த வசதி இல்லாத இடத்தில், வீட்டில் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கலாம். தணிக்கைக்கு ஒரு பதிவேடு, உள்ளுக்கு ஒரு பதிவேடு என்று எழுதச் சொன்னால் அந்த வேலையை ஏற்கவே கூடாது. பொய்ப் பதிவேட்டில் கையெழுத்து யாருடையதோ, விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கம்பெனிக் கோப்பைப் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவது வேறொரு வில்லங்கம். என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் அதை முதலில் செய்துவிட்டுப் பிறகு ஆலோசனை கேட்கிறார்கள். அப்போது நிர்வாகத்தின் தவற்றைவிட இவர் ரகசியத்தை வெளியிட்ட தவறே பெரிதாகப் பேசப்படும்.

சாதி இவ்வளவு எளிதாகப் பட்டியலில் தெரியாது. நம் பக்கத்தில் அது நேர்முகத் தேர்வில் "எந்த ஊருங்க, யாரு தோட்டத்துப் பக்கமுங்க?" என்ற நயமான விசாரிப்பாக வரும், வாடகைக்கு அறை தேடும்போதும் அதே கேள்விதான். தனியார் நிறுவனம் ஆள் எடுப்பதில் சாதி பார்ப்பதைத் தடுக்க, பாலினத்துக்கு இருப்பதைப் போன்ற நேரடியான விதி ஊதியச் சட்டத் தொகுப்பில் இல்லை என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடியினத்தைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் காணும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கடைகளிலும் உணவகங்களிலும் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமே தண்டனைக்குரியதாக்கியது. டீக்கடையின் இரட்டைக் குவளை அலுவலகத்துக்குள் வரும்போது, எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், துப்புரவுப் பணியாளருக்கு மட்டும் காகிதக் கப் என்று வேடம் மாறிக்கொள்ளும். சில்லறைச் செலவுக் கணக்கு எழுதும் பட்டதாரி அடுத்த முறை டம்ளர் வாங்கும்போது எல்லோரையும் எண்ணி ஒரே வகையாக வாங்கிவிடலாம். இதற்குப் புகார் மனு தேவையில்லை.

பாலியல் தொல்லையைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்கும் சிறிய இடமானாலும், முதலாளி மீதே புகார் ஆனாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். புகார் செய்யும் கால அளவு 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். பார்த்தவர்கள் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் தாமாகவே புகார் கிளப்பக் கூடாது. உடன் செல்லவும், சாட்சி சொல்லவும் முன்வந்தால் அதுவே பேருதவி.

இனி அந்தக் கல்விக்கடன். பெரும்பாலான வங்கிக் கடன்களில் படிப்பு முடிந்த பின் ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஓராண்டில் வாங்கும் சம்பளத்திலிருந்து மூன்று தவணைக்கு ஈடான தொகையைத் தனியே எடுத்துவைத்த பிள்ளையால், அதை எடுத்துவைக்காத பிள்ளையைவிட நிமிர்ந்து பேச முடியும். பணி நியமன ஆணையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தருவது இப்போது நிறுவனத்தின் சட்டக் கடமை. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், நகல் தரலாம், அசலை ஒப்படைக்கக் கூடாது. வேலையை விட விரும்பியும் சான்றிதழ் அலமாரியில் சிக்கிக் கிடப்பதால் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றோரிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள், "நமக்கெதுக்குச் சாமி வம்பு" என்ற சொல் முதலில் வீட்டிலிருந்துதான் வரும்.

வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணியும் அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஈரோட்டில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கல்லூரி முதல்வர் ஒரு கடிதம் எழுதினால், சட்ட விழிப்புணர்வு முகாமுக்கு வழக்கறிஞரை அனுப்பக் கேட்கலாம். பிரிவுபசார உரையைச் சுருக்கிவிட்டு, இறுதிப் பருவத்தில் அப்படி ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். முன்னாள் மாணவர்களின் நியமன ஆணைகள் சிலவற்றைப் பெயரை அழித்துவிட்டு நகலெடுத்து, வரிவரியாகப் படிக்கவையுங்கள்.

அந்த வகுப்பில் தங்களை நோக்கியே கேள்வி வரக்கூடும், ஆயத்தமாக இருங்கள். மாணவியர் விடுதியின் கதவு ஆறரை மணிக்கும் மாணவர் விடுதியின் கதவு ஒன்பது மணிக்கும் மூடப்படுகிறதென்றால், முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான விதிகள் விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அந்த விதியை முதல்வரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் வகுப்புக்கு முன்பே பேசி முடித்துவிட்டு வகுப்பறைக்குள் செல்லுங்கள்.