வாசகர் கேள்வி – பதில்: கழற்றி எடுக்கும் ரீப்பர் தட்டு

கேள்வி: படுக்கையறையில் சுவரோடு கட்டிய அலமாரி, உள் அகலம் 36 இஞ்ச், ஆழம் 17 இஞ்ச். பிளைவுட் தட்டு மூன்று. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கம்பளியிலும் பட்டுப்புடவையிலும் பூசணம். இடைவெளி விட்ட ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) தட்டாக, கழற்றித் துடைக்கிற மாதிரி மாற்றலாமா? மரம் என்ன, எவ்வளவு?
– வாசகி, ஏற்காடு

பதில்: மாற்றலாம். அதற்கு முன் ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை அலமாரியின் பின்சுவரில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் சுவரே ஊறுகிறது. வெளிப்பூச்சைச் சரிசெய்யாமல் தட்டை மாற்றிப் புண்ணியமில்லை. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் மூடிய அலமாரிக்குள் காற்று நகராமல், அதிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ரீப்பர் தட்டு இந்த இரண்டாவது நோய்க்குத்தான் மருந்து.

மரம்: பழந்தேக்கு கிடைத்தால் அதற்கு மேல் இல்லை. நன்றாகக் காய்ந்த வேம்பும் போதும். எதுவானாலும் சேலத்து வெயிலில் காய்ந்த மரத்தை மேலே கொண்டுவந்த அன்றே அறுக்காதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனியில் அது ஈரத்தை இழுத்து உப்பும். அலமாரி இருக்கும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும்.

இழைத்து முடித்த அளவு ஒன்றரை இஞ்ச் அகலம், ஆறு நூல் தடிமன் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). ஒரு தட்டுக்கு 7 ரீப்பர், நடுவில் 6 இடைவெளி, ஒவ்வொன்றும் ஆறு நூல். கூட்டினால் சரியாக 15 இஞ்ச். மீதி 2 இஞ்சில் ஒன்றரையைப் பின்சுவர்ப் பக்கமும் அரையைக் கதவுப் பக்கமும் விடுங்கள். பின்னால் விடும் அந்த ஒன்றரை இஞ்ச்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் துணி சுவரில் ஒட்டி, ரீப்பர் போட்ட பலனே போய்விடும். ரீப்பரின் தடிமனும் இடைவெளியும் ஒன்றே என்பதால், துண்டு ரீப்பரை நிமிர்த்தி நடுவில் வைத்தால் அதுவே அளவுக்கட்டை. அளவு டேப்பைத் தொட வேண்டியதில்லை.

நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூச்சு எங்கும் ஒரே நேராக இருக்காது. முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து 2 நூல் கழியுங்கள். உங்கள் கணக்கில் 35¾ இஞ்ச். மரம் நீளவாட்டில் அனேகமாக உப்பாது, அகலத்தில்தான் உப்பும். ஆகவே பக்கத்துக்கு ஒரு நூல் போதும்.

ரீப்பர்களை அடியில் குறுக்காகச் சேர்க்கும் அடிப்பட்டி மூன்று, அதே ரீப்பரில் 14¼ இஞ்ச் நீளம். இரு முனையிலும் ரீப்பர் நுனியிலிருந்து 9 நூல் உள்ளே தள்ளி ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. பட்டிகளின் முன்நுனியில், முதல் ரீப்பருக்கு அடியில், 33½ இஞ்ச் ரீப்பர் ஒன்றை நிமிர்த்திப் பசை போட்டு முடுக்குங்கள். நடுவில் தொய்யாமல் தாங்குவது இதுதான். ரீப்பரும் பட்டியும் சேருமிடம் 21. ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து ஒன்றேகால் இஞ்ச் ஸ்க்ரூ ஒன்று, முன்துளை போட்டு. மேலிருந்து முடுக்கினால் தலை புடவையைக் கிழிக்கும். இரும்பு வேண்டாம், துருக்கறை துணியில் இறங்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். முடுக்குமுன் மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கச் சுவர்களில் தட்டைத் தாங்க, 1 இஞ்ச் தடிமன், ஒன்றரை உயரம், 16 இஞ்ச் நீளத்தில் தாங்கு கட்டை. கட்டைக்கு மூன்று ராவல் பிளக் (சுவர்த் துளையில் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைப்பது). பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் ஆறு மாதத்தில் கழன்று வரும். இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்து ஒரே உயரம் பாருங்கள். தட்டை ஆணியடித்து நிறுத்த வேண்டாம். தாங்கு கட்டையின் மேல் விரல் தடிமனில் ஒரு மரமுளை நட்டு, முதல் இரண்டு ரீப்பரின் இடைவெளியில் அது நிற்கும்படி வையுங்கள். தட்டு முன்னால் சரியாது, மேலே தூக்கினால் வந்துவிடும்.

அலமாரிக் கதவு நிலை இரு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்ளே வந்தால் வாய் 33 இஞ்ச்தான். 35¾ இஞ்ச் தட்டை நேராக நுழைக்க முடியாது. ஒரு முனையைச் சுமார் 16 இஞ்ச் தூக்கிச் சாய்த்து உள்ளே விட்டு, பிறகு இறக்குங்கள். அதனால் அடித்தட்டு முதலில் போக வேண்டும், கழற்றும்போது மேல்தட்டு முதலில்.

மூன்று தட்டுக்குத் தாங்கு கட்டை உட்பட ஓட்டமாகச் சுமார் 90 அடி. இழைப்புச் சேதாரம் சேர்த்து ஒன்றேகால் கன அடி மரம் சொல்லுங்கள். உப்புத்தாள் தேய்த்து, அரக்குப் பாலிஷ் இரண்டு கை. ஆளி எண்ணெய் வேண்டாம். மூடிய இடத்தில் அது மெதுவாகத்தான் காயும், வாடை துணியில் ஏறும்.

கேள்வி: சமையலறைப் பாத்திர அலமாரிக்கும் இதே அளவு சரிவருமா? பித்தளைப் பாத்திரங்கள் அதிகம்.
– வாசகர், சேலம் அம்மாப்பேட்டை

பதில்: வராது. துணிக்குச் சொன்னதைப் பித்தளைக்கு வைத்தால் நடுவில் வளையும். தடிமனை ஆறு நூலிலிருந்து எட்டு நூலாக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். தாங்கலுக்குத் தாங்கல் தூரத்தை 3 அடியிலிருந்து 2 அடியாக்கினால், அடிக்கு அதே கனம் ஏற்றினாலும் தொய்வு ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே நடுவில் முன்னும் பின்னும் ஒரு கால் நிறுத்தி, அவற்றை ஒரு கட்டையால் இணைத்து, தட்டை இரண்டு பாதியாகச் செய்யுங்கள். பாதித் தட்டு லேசு. அம்மா ஒருவரே கழற்றிக் கழுவலாம். இடைவெளி 3 நூல் போதும், இல்லாவிட்டால் டம்ளர் சாயும். ஏற்கெனவே கடப்பா பலகை இருந்தால் உடைக்க வேண்டாம், அதன் மேலேயே ஒரு இஞ்ச் கால் வைத்த ரீப்பர் தட்டைப் பரப்பிவிடுங்கள்.

கேள்வி: காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் வெட்டினோம். ரீப்பருக்கு ஆகுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஆகும், பூச்சிக்கும் கரையானுக்கும் பயந்துகொண்டு. பலகையாக அறுத்ததும், மரம் பச்சையாக இருக்கும்போதே மருந்து வையுங்கள். ஈரமரத்தில் மருந்திலுள்ள போரான் உள்ளே இறங்கும். 10 லிட்டர் வெந்நீரில் போராக்ஸ் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம். கையுறை போட்டுப் பூசி, இரண்டு வாரம் பாலித்தீனில் மூடி வைத்து, பிறகு நடுவில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். ஒரு சின்னத் துண்டை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. துணித்தட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அரிசி, பருப்பு தொடும் தட்டுக்கு இந்த மருந்து பூசிய மரம் வேண்டாம்.