தையல் கற்கும் பெண்கள் கேட்டவை

இருபது வருடத்துக்கு மேலாகப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. முதல் நாள் மிஷினில் உட்கார்ந்தால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது. சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. என்னால் முடியுமா அக்கா?

முடியும். கால்மிஷினில் எல்லோருக்கும் முதலில் நடப்பது இதுதான். நூலையே கழற்றி வைத்துவிடுங்கள். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது போகிற போக்கிலேயே மிதியுங்கள். கால் பழகியதும், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். தாள் ஊசியை மழுங்கடிக்கும், அதனால் பழைய ஊசியே போதும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே விலகினீர்கள் என்று ஓட்டைகளே சொல்லிவிடும். மூலை வந்தால் ஊசி உள்ளே இறங்கியிருக்கும்போது நிறுத்தி, பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) தூக்கித் தாளைத் திருப்புங்கள்.

என் வகுப்பில் ஒரு அம்மா நான்கு நாள் வெறும் தாளே தைத்தார். ஐந்தாம் நாள் ஒரு தலையணை உறை. தைத்து முடித்ததும் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. பாபினை (கீழ்நூல் சுற்றிய உருளை) மூன்று முறை மாற்றிவிட்டேன்.

சிக்கு கீழே தெரிந்தாலும் தப்பு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல்நூலை முதலிலிருந்து கோத்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருந்தால், நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் அவற்றுக்குள் போகாது. ஊசியையும் பாருங்கள்: மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

கேள்வி: தெரிந்தவர் கொடுத்த துணியை வெட்டிக் கெடுத்துவிட்டேன். அதிலிருந்து கத்தரிக்கோலைத் தொடவே பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கிறேன். கையின் வளைவு முன்பக்கம் அதிகமாகக் குடைந்திருக்கும், பின்பக்கம் குறைவாக. துணியை மடித்து வெட்டாமல் ஒற்றையாகப் போட்டு, பேட்டர்னை (அளவுக்கு வெட்டிய தாள்) திருப்பாமல் இரண்டு முறை வெட்டினால் இரண்டும் வலது கைதான். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் துணி கொடுத்தவரிடம் நானே போய்ச் சொன்னேன். அதே துணி கொஞ்சம் என் காசில் வாங்கி, வேறு கை வெட்டி வைத்துக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகும் பல வருடம் என்னிடம்தான் தைத்தார்.

பயம் போக ஒரு வழி உண்டு. புது மாடல் எதுவானாலும் முதலில் பழைய போர்வையில் வெட்டித் தைத்துப் பாருங்கள். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகு வெட்டுங்கள். பேட்டர்னில் போட்ட நேர்கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்கட்டும். சாய்ந்தால் தைத்த பிறகு உடுப்பு முறுக்கிக்கொள்ளும். பக்கத் தையலில் 2.5 செ.மீ. உள்ளே விட்டுவையுங்கள். அப்புறம், பிரிக்கப் பழகுங்கள். பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நான் மாணவிகளை முதல் வாரமே தைத்ததைப் பிரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: இடது கைப் பழக்கம் உள்ளவள். தைக்க முடியுமா?

தாராளமாக. மிஷினில் சிரமம் ஒன்றும் இருக்காது. இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றாகத்தான் தைக்கிறேன். ஆனால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் எல்லோரும் “வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்” என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காசு கேட்க வாய் வரவில்லை.

எத்தனையோ பெண்கள் நன்றாகத் தைத்தும் நின்றுபோகிற இடம் இதுதான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். ஒரு வாரம் நோட்டு போடுங்கள். அளவு எடுத்தது, வெட்டியது, தைத்தது, கொக்கி வைத்தது, அயர்ன் செய்தது, எல்லாவற்றுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். நூல், ஊசி, மின்சாரம், மிஷின் எண்ணெய், பழுது பார்க்கும் செலவு தனிக் கணக்கு. வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் “சும்மா” என்ற சொல்லை நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

பிறகு கூலியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சமென்றால் எழுத்து சொல்லட்டும். யாராவது கேட்டால் தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். “உங்களுக்கு எவ்வளவு தோணுதோ கொடுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். மீதிப் பேர் கொடுப்பார்கள்.

கேள்வி: சொந்தமாக மிஷின் வாங்க ஆசை. தவணையில் வாங்கலாமா? கணவர் பெயரில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள்.

தையல் மிஷினைத் தவணையில் வாங்குவது இன்று நேற்று வந்ததல்ல. 1850களிலேயே சிங்கர் நிறுவனம் அப்படி விற்றது. மாதத் தவணை, நீங்கள் இப்போதே தைத்துச் சம்பாதிக்கிற தொகைக்குள் இருந்தால் வாங்குங்கள், இனிமேல் வரும் என்று நம்பி வேண்டாம். பழைய மிஷின் என்றால் உங்கள் துணியைக் கொண்டுபோய் நீங்களே உட்கார்ந்து தைத்துப் பாருங்கள். பெயர் விஷயத்தில், தவணை கட்டப்போவது நீங்கள் என்றால் ரசீதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தைத்து வருகிற பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும், தவணை அதிலிருந்தே போகட்டும். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், பழுது என்று கடைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.