தார்ப்பாய்

வணக்கம் சார்,

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மன்னார்குடி பக்கம் அப்பா விட்டுப்போன 3 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். வேளாண் துறை, உழவன் செயலி, மானியம் என்று இவ்வளவு இருந்தும் ஊர்க்காரர்கள் ஏன் அப்படியே இருக்கிறார்கள்? புதிதாக எதையும் கற்க மறுப்பதுதானே காரணம்?

ச.

அன்புள்ள ச.,

ஊரை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் உங்களை நாலு திட்டு திட்டத் தோன்றியது. செயலியை விடுங்கள், அது கிடக்கட்டும்.

2018-19 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரால் வந்தது 3,798. கூலியும் சம்பளமுமாக வந்தது 4,063. வயல் வைத்திருப்பவரே வெளியே வேலைக்குப் போய்த்தான் அடுப்பெரிக்கிறார். அவருக்கு விவசாயம் தெரியவில்லை என்கிறீர்களா?

என் அப்பா நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது. ஒரு மாசி மாதம் அப்படிப் பார்த்துத்தான் அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 16தான் இருந்தது. ஆனால் சாக்கு இல்லை. சாக்கு வந்தபோது லாரி இல்லை. நாலாம் நாள் மழை. வாடகைத் தார்ப்பாயில் ஓட்டை. அப்பா குவியலோடு குவியலாகப் படுத்துக் கிடந்தார். ஏழாம் நாள் கருவி 21 காட்டியது. "காயவெச்சு எடுத்தாங்க பெரியவரே" என்றார்கள். களம் ஏது? தார்ரோட்டில் கொட்டிப் புரட்டினோம். முளைகட்டியது போக மிச்சத்தை வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டோம்.

அடுத்த வருஷம் ஊரில் திருந்திய நெல் சாகுபடிப் பயிற்சி. சொல்லிக்கொடுத்த அலுவலர் நல்ல மனிதர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அப்பா கற்றுக்கொண்டார். 14 நாள் நாற்றை ஒற்றை ஒற்றையாகக் கயிறு பிடித்து நட்டார். விளைச்சல் கூடியது. கூடிய நெல்லும் அதே வாசலில்தான் போய்க் கிடந்தது.

அப்புறம் மானியம் என்றீர்களே. பி.எம். கிசான் வருஷத்துக்கு 6,000 ரூபாய் பட்டாதாரருக்கு. வருமான வரி கட்டுவதால் உங்களுக்குக் கிடையாது, பட்டா இல்லாததால் உங்கள் நிலத்தை உழுகிறவருக்கும் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட அவர் சிட்டா, அடங்கல் என்கிற நிலப் பதிவுகளைக் கேட்டால் உடனே கொடுக்கிறீர்களா? குத்தகையை எழுதியாவது கொடுத்திருக்கிறீர்களா?

சம்பா அறுப்பு சமயத்தில் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். போகும்போது நல்ல கனமான தார்ப்பாயாக ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.