எல்லா கார்களின் பாடியையும் கார்பன் ஃபைபரில் ஏன் செய்வதில்லை?

எடை குறைவு, துருவும் பிடிக்காது என்றால் எஃகை ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.8 கிராம். அலுமினியம் 2.7. கார்பன் ஃபைபர், அதாவது கார்பன் இழைகளை எபாக்சி என்ற பிசினில் பதித்த கலப்புப்பொருள், சுமார் 1.6தான். ஆனால் இழை ஓடும் திசையில்தான் அதன் முழு பலம். அதனால் விசை எந்தப் பக்கமிருந்து வரும் என்று கணக்கிட்டு, அடுக்குகளை வெவ்வேறு கோணங்களில் வைக்கிறார்கள். உலோகப் பாகத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்தால் பெரிய லாபம் கிடைக்காது. பாகத்தையே புதிதாக வடிவமைக்க வேண்டும். பலரும் கவனிக்காத விஷயம் இது.

பெரிய தடை உற்பத்தி வேகம். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தச் சில விநாடிகள் போதும். பிசின் இறுக நிமிடங்கள் ஆகும். இழையின் விலையும் அதிகம். 1953இல் வந்த கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கே கண்ணாடி இழை (ஃபைபர்கிளாஸ்) பாடிதான், 2013இல் பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரின் பயணிகள் கூடத்தைக் கார்பனில் செய்தது. இருந்தும் பெரும்பாலான கார்கள் எஃகிலேயே இருப்பதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

அப்புறம் பழுது. எஃகு நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் பாகத்தில் மேல்புறம் நன்றாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் போன்ற சோதனை தேவை. கார்பன் நேரடியாக அலுமினியத்தைத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். அதனால் இடையே கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைப்பார்கள்.