ரெண்டு அங்குலப் பனியும் ஒரு அடிப் பனியும்

தம்பி, ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து மினியாபொலிஸ் வருவதாகவும் மகளுக்கு ஆறு வயது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அட்லாண்டாவில் இருக்கும் உங்கள் மச்சினர், "பனி தூறினாலே இங்கே ஸ்கூல் லீவு" என்கிறார். மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்து நண்பரோ, "ஒரு அடி விழுந்தாலும் பஸ் வந்து நிற்கும்" என்கிறார். ஏன் இந்த வித்தியாசம், பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, ஸ்கூல் ரேட்டிங், பெட்டியில் என்னென்ன கொண்டுவருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டையும் ரேட்டிங்கையும் பற்றிச் சொல்ல இங்கே ஆள் நிறைய. பெட்டியில் குக்கர் ஒன்று வையுங்கள், மற்றதெல்லாம் கிடைக்கும். முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அந்த இரண்டு ஊரிலும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பியவன் நான்.

எத்தனை அங்குலம் விழுந்தது என்பதை வைத்து யாரும் ஸ்கூலை மூடுவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முடிவெடுக்கும் அதிகாரிக்கு இரண்டு கேள்விதான். பஸ் வழுக்காமல் ஓடுமா? பஸ் வரும்வரை ஒரு சின்னப் பிள்ளை ஸ்டாப்பில் நிற்க முடியுமா? அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் முதல் கேள்வியிலேயே மூடிவிடுவார்கள். மினசோட்டாவில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்காக மூடுவார்கள்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து அட்லாண்டாவுக்கு வந்தது 2013 ஆகஸ்டில். வேர்வை, மழை, மரங்கள், எல்லாம் நம் ஊர் மாதிரியே இருந்தது. குளிரைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2014 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. பனி நகரத்துக்குத் தெற்கேதான் அதிகம் விழும் என்று முந்தின நாள் பேச்சு. கடும் எச்சரிக்கை அதிகாலையில்தான் வந்தது, காலையில் ஸ்கூல் வழக்கம்போல் திறந்துவிட்டது. மதியம் பனி விழத் தொடங்கியதும் ஸ்கூல், ஆபீஸ், அரசாங்கம் மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விட்டார்கள். ஊரே ஒரே சமயத்தில் காரை எடுத்தது.

ஒன்றேகால் மணிக்குக் கிளம்பினேன். ஐந்து மணி ஆகும்போது மூன்று மைல் நகர்ந்திருந்தேன். முன்னால் ஒரு மேடு. ஏறப் பார்க்கிற ஒவ்வொரு காரும் பாதியில் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக வழுக்கிக் கீழே வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இருக்கிறார், வண்டி கேட்கவில்லை. மகள் ரெண்டாம் வகுப்பு. அவளுடைய பஸ் கிளம்பவே இல்லை, பிள்ளைகள் ஸ்கூலிலேயே இருக்கிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது, அப்புறம் போனில் சார்ஜ் போய்விட்டது. காரை ஓரமாக விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். நாலு மைல் இருக்கும். காலில் ஆபீஸ் லெதர் ஷூ. இருபது அடிக்கு ஒரு தடவை விழுந்தேன்.

அங்கே நின்றுபோயிருந்த ஒரு டிரக்கிலிருந்து வயதான ஒருவர் இறங்கி வந்து, தன் பையிலிருந்து தடித்த சாக்ஸ் ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். ஷூவுக்கு உள்ளே இல்லை, ஷூவுக்கு மேலே மாட்டு என்றார். மாட்டினேன். கம்பளி ஐஸைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு விழவில்லை. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை, இன்றுவரை அது உறுத்துகிறது.

எட்டரை மணிக்கு ஸ்கூல் போய்ச் சேர்ந்தேன். ஜிம்மில் பாய் விரித்து நாற்பது ஐம்பது பிள்ளைகள். ஒரு டீச்சர் தரையில் உட்கார்ந்து கதை வாசித்துக்கொண்டிருந்தார். என் மகள் அந்த டீச்சரின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தாள். அந்த டீச்சர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் என்று பிறகுதான் தெரிந்தது. இரவு நாங்களும் அங்கேயே படுத்தோம். அட்லாண்டா வட்டாரத்தில் அன்று ராத்திரி ஸ்கூலில் தங்கிய பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். சில பிள்ளைகள் பஸ்ஸிலேயே பல மணி நேரம் சிக்கியிருந்தார்கள். 285 சுற்றுச்சாலையில் ஒரு குழந்தை காரிலேயே பிறந்தது. இவ்வளவும் இரண்டரை அங்குலப் பனிக்கு.

ஏன் அப்படி ஆனது? விழுந்த பனி, கார் டயர் சூட்டில் உருகி, மறுபடி உறைந்து ரோடு முழுக்கக் கண்ணாடி ஆகிவிட்டது. ஐஸை உருக்க உப்பு போட வேண்டிய லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் வரும் பனிக்காக நூற்றுக்கணக்கில் லாரி வாங்கி எந்த ஊரும் நிறுத்தி வைக்காது, அதில் நியாயமும் இருக்கிறது. ஊரோ மேடும் பள்ளமும். யார் காரிலும் குளிர்கால டயர் கிடையாது. போதாததற்கு அந்தப் பக்கத்தில் பனியைவிட உறைமழைதான் ஆபத்து. அப்பலாச்சியன் மலைத்தொடரின் கிழக்குச் சரிவை ஒட்டி வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று தேங்கி நிற்கும். அதற்கு மேலே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று ஏறி வரும். மேலே மழையாகக் கிளம்பும் தண்ணீர் கீழே ரோட்டையும் மரக்கிளையையும் தொட்டதும் உறைந்துவிடும். உப்புக் கரைசலைக்கூட மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து பிப்ரவரி 12 அன்று உண்மையிலேயே பெரிய ஐஸ் புயல் வந்தது. இந்தத் தடவை வானம் வெறித்திருக்கும்போதே ஸ்கூலை மூடினார்கள், ஜனங்களும் வீட்டிலேயே இருந்தார்கள். ரோடு வெறிச்சோடிக் கிடந்தது, முன்போல் யாரும் மாட்டவில்லை. அன்றைக்கு நம் ஆட்கள் சிலர் குழுவில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஒரு சொட்டு விழலை, அதுக்குள்ள லீவு, இந்த ஊர்க்காரங்க பயந்தாங்கொள்ளி." எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்கள் மச்சினரும் அப்படிப் பேசுகிறவராக இருந்தால் தயவுசெய்து அவரிடம் நான் நடந்த அந்த நாலு மைலைச் சொல்லுங்கள்.

2016இல் வேலை மாறி மினசோட்டா வந்தோம். முதல் பெரிய பனிக்கு முந்தின இரவு நான் தூங்கவே இல்லை. காலை ஐந்து மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு லீவு என்று மெசேஜ் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை பனி. ஒன்றும் வரவில்லை. ஏழு இருபதுக்கு மஞ்சள் பஸ் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லை.

இங்கே புயலுக்கு முன்பே ரோட்டில் உப்புக் கரைசல் தெளித்துவிடுவார்கள். ராத்திரி முழுக்கப் பனி தள்ளும் லாரிகள் ஓடும். மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் மட்டும் சுமார் 800 லாரி. 2020-21 குளிர்காலத்திலிருந்து அந்த லாரிகளில் சிலவற்றுக்கு ஜனங்களே ஓட்டுப் போட்டுப் பெயர் வைக்கிறார்கள், அவ்வளவு செல்லம். ரோடும் பெரும்பாலும் சமதளம். இன்னொன்று, நல்ல குளிரில் விழுந்த பனி அவ்வளவாக வழுக்காது, பூட்ஸுக்கு அடியில் உப்புமா ரவையை மிதித்த மாதிரி நறநறவென்று சத்தம் போடும். உருகும் நிலைக்கு அருகில் கிடக்கும் பனிதான் எமன். அதனால்தான் ஜார்ஜியாவின் ரெண்டு அங்குலம் இங்கத்திய ஒரு அடியைவிட மோசம்.

ஆனால் இங்கேயும் மூடுவார்கள். அட்லாண்டாவில் நான் மாட்டிக்கொண்ட அதே 2014 ஜனவரியில், 6ஆம் தேதி, மினசோட்டா ஆளுநர் மாநிலத்துப் பொதுப்பள்ளிகள் அத்தனையையும் மூடச் சொன்னார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. காரணம் பனி இல்லை, குளிர். 2019 ஜனவரி 30 அன்று நானே பார்த்தேன். மைனஸ் 28 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 33 செல்சியஸ். காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 45 செல்சியஸுக்கும் கீழே. தபால்காரர்கூட அன்று வரவில்லை. அந்த மாதிரிக் குளிரில் திறந்திருக்கும் தோல் ஐந்து, பத்து நிமிஷத்தில் உறைந்துபோகும். டீசல் இறுகி பஸ் கிளம்பத் தகராறு செய்யும். உப்பும் சுமார் மைனஸ் 9 செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, மணல்தான் போடுவார்கள். பஸ் கால்மணி நேரம் தாமதமானால் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளையின் கன்னமும் விரலும் என்ன ஆவது? அந்தக் கணக்கில்தான் மூடுகிறார்கள்.

மற்ற ஊர்களுக்கும் இதே கேள்விகள்தான், விடை மட்டும் மாறும். நியூயார்க் நகரத்தில் நிறையப் பிள்ளைகள் நடந்தும் சுரங்க ரயிலிலும் போகிறார்கள், ஸ்கூல் சாப்பாட்டை நம்பி இருக்கும் பிள்ளைகளும் ஏராளம், அதனால் மூட யோசிப்பார்கள். சியாட்டிலில் செங்குத்தான தெருக்கள், கொஞ்சம் பனிக்கே பஸ் வழுக்கும். வர்ஜீனியாவில் பெரும்பாலும் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் ஒரே பள்ளி நிர்வாகம், ஒரு மூலையில் ரோடு உறைந்தால் மறு மூலைக்கும் சேர்த்து லீவு.

சரி, இனி எனக்கு முக்கியமானது. வந்த முதல் வாரமே ஸ்கூலில் உங்கள் இந்த ஊர் போன் நம்பரைக் கொடுங்கள். சிம் மாற்றினால் அன்றே மாற்றிச் சொல்லுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நாலு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி காலையில் மகனின் ஸ்கூல் பக்கமாகப் போனேன். அன்று இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பதாக ஐந்தரைக்கே மெசேஜ் வந்துவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். நம் ஊர்ப் பையன், ஏழு வயது இருக்கும். கையுறை இல்லை, இரண்டு கையையும் அக்குளில் செருகியிருந்தான். அப்பா இறக்கிவிட்டு மீட்டிங் என்று போய்விட்டார், மெசேஜ் போனது பழைய நம்பருக்கு. காரில் உட்கார வைத்து ஹீட்டரைப் போட்டதும் விரல் வலிக்கிறது என்று அழுதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடு ஏற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மவர்களில் இரண்டு வகை எனக்குப் பிடிக்காது. வந்து பதினைந்து வருஷம் ஆகி, "இதெல்லாம் ஒரு குளிரா" என்று புதிதாக வந்தவர்கள் முன்னால் அரை டிரவுசரோடு நிற்பவர்கள். "பஸ் வாசலுக்கே வருது" என்று பிள்ளைக்கு அழகான மெல்லிய ஜாக்கெட் மாட்டி அனுப்புபவர்கள். பஸ் ஒரு நாள் வழியில் நின்றுபோகும் தம்பி. அன்றைக்கு உடம்பில் இருப்பதுதான் துணை. இங்கே பல ஸ்கூல்களில் சுமார் பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ் வரைக்கும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள், ஆகவே ஸ்னோ பேண்ட் தினமும் வேண்டும். விரல் பிரியாத மிட்டன்ஸ் வாங்குங்கள், கிளவுஸைவிட அதில் சூடு நிற்கும். உள்ளே பருத்தி வேண்டாம், ஈரமானால் குளிரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்வெட்டரைக் கோவையில் வாங்கிச் சுமந்து வராதீர்கள்.

காரில் போர்வை, சின்ன மண்வெட்டி, பூட்ஸ், போன் சார்ஜர் இருக்கட்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பனியில் மாட்டிக்கொண்டால், எஞ்சினைப் போடும் முன் பின்னால் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியை அகற்றுங்கள், மூடிய கராஜுக்குள் ஒருபோதும் காரைச் சூடாக்காதீர்கள். ஸ்கூல் திறந்திருந்தாலும், பயமாக இருந்தால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, ஸ்கூலுக்குப் போன் செய்து சொன்னால் போதும். இப்போது வருஷத்துக்கு ஐந்து நாள் வரை வீட்டிலிருந்தே கணினியில் பாடம் நடத்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. என் மகனுக்கு அதில் பெரிய வருத்தம், லீவு போச்சே என்று.

மகள் இப்போது கார் ஓட்டுகிறாள். பதினாறு வயதில் முதல் பனி விழுந்ததும் காலியான ஒரு பார்க்கிங் லாட்டுக்குக் கூட்டிப்போய், வேகமாக ஓட்டி பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொன்னேன். பெடல் காலுக்கடியில் அதிர்வதையும் வண்டி எவ்வளவு தூரம் தானாகப் போகிறது என்பதையும் அவள் உடம்பு தெரிந்துகொள்ளட்டும் என்று. பத்து தடவை செய்தாள். நீங்களும் வந்ததும் இதைச் செய்யுங்கள், நான் கூட வருகிறேன்.

என் மகனின் ஆறு வயது ஸ்னோ பேண்டும் பூட்ஸும் பேஸ்மெண்டில் நல்ல நிலையில் இருக்கின்றன. விமானம் வரும் நாளையும் பாப்பாவின் கால் அளவையும் எழுதுங்கள், ஏர்போர்ட்டுக்கே கொண்டுவருகிறேன். டெர்மினல் வாசலிலிருந்து கார் வரைக்குமே அவளுக்கு அது வேண்டியிருக்கும்.